பத்திரமான தொகுதி

எங்கள் ரயில் நிலையத்தின் படிக்கட்டுக்கு அடியில் நின்று சட்டமன்ற உறுப்பினர் டேரல் கிம்ப்டன் அண்ணாந்து பார்த்தார். நாலு தேர்தலாக இதே படிக்கட்டை இதே முகத்தோடுதான் பார்க்கிறார். முதல் தடவை பார்த்தபோது தலையில் முடி இருந்தது, வித்தியாசம் அவ்வளவுதான். புகைப்படம் எடுக்க வந்த பெண் “இன்னும் கொஞ்சம் கவலையா, சார்” என்றாள். கிம்ப்டன் கவலையைக் கூட்டினார். அவருடைய கை என் கணவன் நெவ்வின் தோள்மேல் இருந்தது. நெவ் சக்கர நாற்காலியில், கட்சியின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பரிசு வாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

“லிஃப்ட் வந்துரும், நெவ். சாத்தியக்கூறு ஆய்வுக்குப் போயிருக்கு.”

“அது போன தேர்தலுக்கே போச்சே,” என்றேன். “படியேற முடியாம பாதியில உக்காந்துருச்சோ?”

“உங்க வீட்டம்மா இருக்காங்களே!” என்று கிம்ப்டன் நெவ்வைப் பார்த்துச் சிரித்தார். நெவ்வும் சிரித்தான். காரில் ஏறும்போது அவர் கையாட்டினார். இனி நாலு வருஷத்துக்கு அந்தக் கையைப் பார்க்க முடியாது.

மெல்பர்னுக்கு வெளியே இருக்கும் எங்கள் யாரண்டேல் தொகுதியின் வரலாறு என்னைவிட யாருக்கும் அத்துப்படி கிடையாது. நாற்பது வருஷம் முடி வெட்டும் கடை வைத்திருந்தேன். தலையைச் சாய்த்து வெந்நீர் ஊற்றினால் மனுஷர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதைத் தானாகச் சொல்லிவிடுவார்கள். தொகுதி பிறந்த நாளிலிருந்து சிவப்புக் கட்சிதான். முதல் உறுப்பினர் ஒருமுறை தொகுதிக்கு வந்து வழி தெரியாமல் விசாரித்தார். வழி சொன்னவனும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டான். இரண்டாமவர் பதவியில் இருக்கும்போதே செத்துப்போனார், அடுத்த தேர்தல் வரை யாருக்கும் அது உறைக்கவில்லை. மூன்றாவது கிம்ப்டன். நீலக் கட்சி எங்களுக்கு ஆள் அனுப்புவதே கடமைக்குத்தான். ஒரு வருஷம் அவர்கள் வேட்பாளர் பிரச்சாரம் முழுக்க பாலித் தீவில் விடுமுறையில் இருந்தான். ஊரில் இருந்து ஓட்டுக் கேட்ட மற்ற நீலக் கட்சிக்காரர்களைவிட அவனுக்குத்தான் கூடுதலாக விழுந்தது. குப்பைத்தொட்டிக்குச் சிவப்புச் சாயம் அடித்து நிறுத்தினால் அதுவும் ஜெயிக்கும் என்று பேசிக்கொள்வார்கள். கிம்ப்டனுக்கும் குப்பைத்தொட்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: குப்பைத்தொட்டி வாரம் ஒருமுறையாவது தெருவுக்கு வரும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பிளாக்மோர் தொகுதி. அங்கே ஜெயிப்பவன் மயிரிழையில் ஜெயிப்பான், தோற்பவன் மயிரிழையில் தோற்பான். அதனால் இரண்டு கட்சியும் அந்த ஊரை மடியில் வைத்துத் தாலாட்டும். நீச்சல் குளம், ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம், உள்ளே போனால் பாட்டுப் பாடும் பொதுக் கழிப்பறை. ரயில் நிலையத்தில் ஒன்றுக்கு இரண்டாக லிஃப்ட். அடுத்த தேர்தலுக்குள் அவர்களுக்குக் கடலையும் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்களுக்குப் படிக்கட்டு. ஏறி, பாலத்தைக் கடந்து, மறுபடி இறங்கினால்தான் நடைமேடை.

பக்கவாதம் வருவதற்கு முன்னால் நெவ் சனிக்கிழமைதோறும் எதிர்வீட்டு சார்லி ஜாமித்தோடு ரயிலேறி மெல்பர்னுக்குக் கால்பந்து பார்க்கப் போவான். மூன்று வருஷமாகப் போகவில்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். “கார்ல போறது ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி” என்பான். ஒவ்வொரு நிலையத்திலும் நம் அணியின் கழுத்துத் துணி கட்டியவர்கள் நாலு பேர், ஐந்து பேர் என்று ஏற, பெட்டி நிறைந்து, யாரோ ஒரு குடிகாரன் பாட்டை ஆரம்பிக்க, ஆட்டம் அங்கேயே தொடங்கிவிடுமாம். இப்போது சனிக்கிழமை மதியம் ரயில் சத்தம் கேட்டால் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறான்.

அதனால்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்களுக்கு வேண்டியது லிஃப்ட் இல்லை, பயம். கிம்ப்டனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். அவர் தோற்க வேண்டாம், தோற்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியமும் இல்லை. ஓட்டு வித்தியாசம் பாதியாகக் கரைந்தால் போதும், மறுநாளே சிமெண்ட் லாரி வந்து நிற்கும்.

இந்த முறை மூன்றே பேர் நின்றார்கள். கிம்ப்டன். பளபளவென்ற காலணியோடு நீலக் கட்சிப் பையன் ஒருவன். நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிட ஒரு பூங்கா வேண்டும் என்று சுயேச்சையாக நின்ற ரோவீனா. எங்கள் ஓட்டுச் சீட்டில் ஒருவருக்கு மட்டும் குறி போட்டுவிட்டு வர முடியாது, எல்லாப் பெயருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். நான் வீடு வீடாக ஏறி இறங்கி, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லிக் கொடுத்தேன்: “நீலம் ஒண்ணு, நாய் ரெண்டு, நம்மாளு மூணு.”

சார்லி தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். “நீலத்துக்கா? எங்கப்பா கல்லறைய ஒடச்சிட்டு எந்திரிச்சு வந்துருவாரு, க்ளெனிஸ்.”

“வரட்டும். அவர் கால் நல்லாத்தான இருக்கு, படியேறிடுவாரு. நெவ்வால முடியாதே.”

தண்ணீர்க் குழாயை வேறு செடிக்கு மாற்றினான். “சரி. நெவ்வுக்காக.”

தெரு முழுக்க அந்த வார்த்தையை வாங்கிவிட்டேன். வாங்க முடியாத ஒரே ஆள் என் வீட்டுக்குள் இருந்தான். நெவ்வின் அப்பா டயர் தொழிற்சாலைச் சங்கத்தில் இருந்தவர். நெவ்வுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சிவப்புக் கொடி கையில் வந்துவிட்டதாக அவன் அம்மா பெருமையாகச் சொல்வாள். விஷயம் காதுக்குப் போனதும் தேநீர்க் கோப்பையை இடது கையால் டங்கென்று வைத்தான்.

“என் காலுக்காக என் கட்சிய விக்கிறியா, கிழவி?”

“விக்கல. ஒரு கிள்ளு கிள்ளுறேன்.”

“நம்மாளு நல்லவன்.”

“நல்லவன்தான். அவன் வீட்டு நாய்க்குட்டியும் நல்லதுதான். அது நாலு வருஷத்துக்கு ஒருதடவையா வாலாட்டுது?”

அதற்குப்பின் தேர்தல் வரை “உப்பு எடு”, “விளக்க அணை” தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்தல் நாளான சனிக்கிழமை காலை, ஓட்டுச்சாவடியான ஆரம்பப் பள்ளியின் வாசலில் வழக்கமான இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே பெற்றோர் சங்கத்தார் ரொட்டியில் வைத்து விற்க சாசேஜ் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள், வெங்காயம் வதங்கும் வாசனை ரோட்டுவரை வந்தது. அந்த வாசனை இல்லையென்றால் எங்கள் ஊரில் பாதிப்பேர் ஓட்டுப் போடவே வரமாட்டார்கள், ஓட்டுப் போடாதவர்களுக்குச் சட்டம் போடும் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தூங்குவார்கள். யாருக்கு என்ன எண் போடுவது என்று அச்சடித்த கட்சி அட்டைகள் நெவ்வின் மடியில், இடது கையால் ஒவ்வொன்றாக நீட்டினான். நீலக் கட்சிப் பையனுக்கு உதவிக்கு ஒரு ஈ காக்கா இல்லை. தன் அட்டையைத் தானே வைத்துக்கொண்டு நெவ்வுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றான். கொஞ்ச நேரம் பொறுத்து நெவ் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவனிடம் நீட்டினான்.

“சாப்புடுறா. தோக்கறதுக்கும் தெம்பு வேணும்.”

மதியம் கூட்டம் குறைந்தபோது நெவ்வை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். வலது கை அவனுக்கு எழுதாது. உதவிக்கு யார் வேண்டும் என்று அதிகாரி கேட்டாள். நெவ் என்னைப் பார்க்காமலே கட்டைவிரலால் என்னைக் காட்டினான். அட்டைத் தடுப்புக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு குனிந்தோம். நூலில் கட்டிய பென்சில் என் கையில். சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பது வருஷத்தில் ஒருவர் தலையிலும் அவர் கேட்காத கத்தரிப்பை நான் போட்டதில்லை. ஆனாலும் அந்தப் பென்சிலைப் பிடித்ததும் எனக்கு நாக்கு ஊறியது. நான் என்ன எழுதினாலும் அவன் என்ன செய்துவிட முடியும்?

“சொல்லு,” என்றேன்.

எதிர்ச் சுவரில் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய மீன்களைப் பார்த்தபடி மிகவும் மெதுவாகச் சொன்னான்: “நீலம் ஒண்ணு.”

பென்சில் நகரவில்லை.

“நாய் ரெண்டு. நம்மாளு மூணு.”

“நெவ்…”

“உன் வாய்ப்பாடுதான? எழுது. பின்னாடி ஆள் நிக்குது.”

ஒரு மாதம் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்திய எனக்கு அதை எழுத வரவில்லை. ஒன்று போடப் போனால் பென்சில் வழுக்கி, தலையில் ஒரு கொக்கி விழுந்து, ஏழு மாதிரி நின்றது. சீட்டை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தான். மடிக்கச் சொன்னான். பெட்டியில் அவனே போட்டான், முதல் தடவை துளை தப்பியது, இரண்டாம் தடவை விழுந்தது. “வெளிய தள்ளு, அட்டை மிச்சம் இருக்கு” என்றான். வாசலுக்குப் போய், ஆறு மணிக்குப் பள்ளிக் கதவைச் சாத்தும்வரை, தொண்டை கட்ட, “கிம்ப்டனுக்குப் போடுங்க தாயி, நம்மாளு” என்று கூவிக்கொண்டிருந்தான். என் சீட்டை நான் போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. போட்டேன். நீலம் ஒன்று.

எண்ணும்போது சிவப்புக் கட்சிக்கு ஏஜெண்டாக உட்காருவது எப்போதும் நெவ்வும் சார்லியும்தான். நாற்காலி தள்ளுகிறவள் என்று எனக்கும் ஒரு அடையாளப் பட்டி மாட்டிவிட்டார்கள். நீலத்துக்கு ஏஜெண்ட் கிடையாது. பெட்டியைக் கவிழ்த்துப் பிரிக்க ஆரம்பித்ததும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். சிவப்பின் குவியல் வளரவில்லை! வரலாற்றில் முதல்முறை! ரோவீனாவின் குவியல் புளித்த மாவுபோல் உப்பிக்கொண்டே போனது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் நாய் இருக்கிறது, ஒன்றுக்குக் கண் தெரியாது. நீலத்தின் குவியல் மட்டும் ஒல்லியாக இருந்தது, ஆனாலும் தொகுதி முழுக்கக் கூட்டினால் ரோவீனாதான் கடைசி என்று மற்ற சாவடிகளிலிருந்து தகவல் வந்திருந்தது.

அதிகாரி நீலக் குவியலிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இது ஒண்ணா, ஏழா?” எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். “உங்க கட்சிக்கு ஆட்சேபணை இருந்தா செல்லாதுன்னு தள்ளி வச்சிருவேன்.”

என் கொக்கி. சார்லி குனிந்து பார்த்து, “ஏழுதான், தள்ளு” என்றான் சந்தோஷமாக.

நெவ் அந்தச் சீட்டையே பார்த்தான். சட்டையில் கட்சிப் பட்டி, காலரில் சாசேஜ் எண்ணெய். “ஒண்ணுதான்,” என்றான். “தெளிவா இருக்கு. எண்ணிக்கங்கம்மா.”

“மாப்ள, நமக்கு ஒரு ஓட்டு…”

“ஒண்ணுன்னா ஒண்ணுடா, சார்லி.”

அதன் பிறகுதான் வந்தது வினை. ஓட்டில் கடைசியாக வந்தவரின் சீட்டுகளை, அதில் இரண்டாவது எண் யாருக்கோ அவருக்கே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ரோவீனாவின் குவியலை அதிகாரி முன்னால் இழுத்தாள். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. சீட்டு ஆட்டத்தில் பங்கு போடுவதுபோல அத்தனையும் கிம்ப்டன் பக்கமே போய் விழுந்தன. நீலத்துக்கே வழக்கமாகப் போடுகிற நாலு பேரும் இந்த முறை நாய்க்கு ஆசைப்பட்டு ஒன்றை அங்கே போட்டு, இரண்டைச் சிவப்புக்குத் தந்திருந்தார்கள். சிவப்புக் குவியல் மேஜை விளிம்பைத் தாண்டி, என் கண்ணுக்குக் கூரையைத் தொட்டது. யாரண்டேல் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு வெற்றி கிடையாது.

நான் சார்லியைப் பார்த்தேன். அவன் தன் காலணியைப் பார்த்தான்.

“கிள்ளச் சொன்ன, க்ளெனிஸ். ஒண்ணு நாய்க்குப் போட்டுக் கிள்ளிட்டேன். ரெண்டாவது… நீலத்துக்குப் போகப் பாத்தேன், கை வரல.”

“தெருவுக்கே கை வரலையாடா?”

“நான் ஒருத்தன் செஞ்சா என்ன, மத்தவங்கதான் நீலத்துக்குப் போடுவாங்களேன்னு…”

வெளியே வந்ததும் கிம்ப்டன் கைபேசியில் அழைத்தார். நெவ் வாழ்த்துச் சொன்னான். லிஃப்ட் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிம்ப்டன் படம் போட்ட சுவரொட்டிப் பலகைகளை அவிழ்ப்பது நெவ்வின் வேலை, கட்சியில் அவன் அதை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. ரயில் நிலையத்தில் ஒன்று பாக்கி இருந்தது, பாலத்தின் மேல் கம்பியில் கட்டியது. அவனைப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலோடு நான் ஏறினேன். மூச்சு வாங்க உச்சிக்குப் போய்க் கயிற்றை வெட்டினேன். பலகை என் கையில் நிற்கவில்லை. வழுவழுப்பான பிளாஸ்டிக், படிப்படியாகச் சறுக்கி, திருப்பத்தில் ஒருமுறை சுழன்று, கீழே நெவ்வின் சக்கரத்தில் முட்டி நின்றது. மல்லாந்து கிடந்த கிம்ப்டன் புன்னகையோடு படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெவ்வும். எனக்குப் பின்னால் கீழே நடைமேடையில் மெல்பர்ன் ரயில் வந்து நின்று, கதவுகளைத் திறந்து, காத்திருந்தது.