வடிவம்மா வீட்டுக் கள்ளியும் பசித்த வண்டுகளும்

நிரோஷாவுக்கு வந்த சோதனை யாருக்கும் வரக்கூடாது. பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், கள்ளிச்செடியை உறிஞ்சும் செதில்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை வளர்ப்பது அவள் வேலை. தினக்கூலிதான். வண்டுகள் சாகாமல் பார்த்துக்கொண்டால் நிரந்தரமாக்குகிறேன் என்று அதிகாரி திருச்செல்வம் சொல்லியிருந்தார். பாழாய்ப்போன வண்டுகளோ அங்கிருந்த பூச்சியையெல்லாம் வழித்துத் தின்றுவிட்டுக் கூண்டுக்குள் பட்டினி கிடந்தன.

இனிப் பூச்சி இருப்பது ஒரே இடத்தில்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருந்த லயத்துக்கு அடுத்த லயத்தில், கண்ணேறு படாமலிருக்க வடிவம்மா வாசலில் வைத்திருந்த சப்பாத்திக்கள்ளியில். ஆனால் அதைப் பூச்சி என்று அங்கே யார் வாய் திறப்பது? மேலே வெள்ளையாய்ப் படிந்திருப்பது திருநீறாம், நசுக்கினால் சிவப்பாய் வருவது குங்குமமாம். கலஹாவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள். நிரோஷாவும் போத்தலோடு போய் நின்றாள்.

“போத்தல்லயெல்லாம் குடுக்க ஏலாது. சாமி என்ன மண்ணெண்ணெயா? நெத்தியக் காட்டு,” என்றாள் வடிவம்மா.

நிரோஷா போத்தலைக் கீழே வைத்தாள். “அக்கா, இது திருநீறு இல்ல, பூச்சி. என் வண்டுங்க இதத்தான் திங்கும். அதுங்க செத்தா என் வேலையும் போயிரும்.”

வடிவம்மா இடுப்பில் கை வைத்தாள். “வண்டு பட்டினியாவா கெடக்கு? அடிப்பாவி, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? போய்க் கூட்டிட்டு வா!”

கூட்டி வந்தாள். பக்தர்கள் விலகி வழிவிட்டார்கள், யாரோ சங்குகூட ஊதினார். வண்டுகள் கள்ளியிலேயே குடியேறி, முட்டையிட்டுப் பெருகி, திருநீற்றையும் குங்குமத்தையும் ஒரு பொட்டு விடாமல் தின்றுதீர்த்தன.

திருச்செல்வம் பார்வையிட வந்தார். வடிவம்மா சொன்னபடி காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பச்சைப்பசேலென்று நின்ற கள்ளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அருமை பிள்ளை! வண்டுகள் பூச்சிய முழுசா ஒழிச்சிட்டுதுகள். எங்கட திட்டம் வெற்றி.”

“அப்ப என் வேலைய நிரந்தரமாக்குவீங்களா சேர்?”

“அதெப்பிடி? பூச்சி இல்லையெண்டால் வண்டு என்னத்துக்கு? வண்டு இல்லையெண்டால் நீர் என்னத்துக்கு? திட்டம் முடிஞ்சுது,” என்று கைகுலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நிரோஷா படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். வாசலில் ஒரு பக்தர்கூட இல்லை. வடிவம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அழாத புள்ள. என் சாமிக்கும்தான் வேலை போச்சு. எந்திரி, தேத்தண்ணி குடிப்போம்.”