வண்டியை விட்டு இறங்கிய சிவப்புக் கோடு

புரட்டாசி பிறந்த வாரத்தில், திருவேற்காட்டில் மதுரைவீரனின் பெயின்டிங் பட்டறையில் நின்ற பழைய பிக்கப் வண்டியின் ஓரத்துச் சிவப்புக் கோடு, பெயின்ட் காய்ந்ததும் வண்டியை விட்டு இறங்கிச் சென்னீர்குப்பத்துக்குப் போனது. தரையோடு தரையாக இழைந்துதான் போனது. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு லாரிக்காரர் சடாரென்று பிரேக் போட்டு, "சாவுகிராக்கி, ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று அதைத் திட்டினார். கோடு தன் பாட்டுக்குப் போனது. சாயங்காலம் நாகப்பனின் வீட்டுக் கதவிடுக்கில் நுழைந்து, அவர் கட்டிலைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டது. நாகப்பன் குனிந்து பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

அந்த வண்டியை அவர் ஓட்டியது ஒரு ஆயுள். பூந்தமல்லியைச் சுற்றி வயலாக இருந்த காலத்தில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். வயல் மனையாகி, மனையில் கம்பெனி வந்தபின், லோடு அடிக்க மகன் வந்தார். கோயம்பேட்டுக் காய்கறி, அம்பத்தூர் இரும்புக் கம்பி, ஆவடியில் வீடு மாறுகிறவர்களின் பீரோ, கட்டில், அம்மி என்று அந்த இளநீல வண்டியில் ஏறாத சாமான் கிடையாது. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். உள்ளங்கையில் மிச்சம் ஒட்டியிருப்பதை வண்டியின் சிவப்புக் கோட்டின்மேல், முன் மட்கார்டிலிருந்து பின்கதவு வரை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எண்ணெய் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். வெயிலில் வண்டியின் நீலம் வெளுத்தது, கூரை துருப்பிடித்தது, கோடு மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருந்தது.

இடுப்பு விட்டுப்போனதும் வண்டியை விற்றார். வாங்கியவர் ஸ்ரீநாத், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஃபிளாட். பழைய வண்டிமேல் அவருக்கு ஒரு கிறுக்கு. இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நாகப்பன் படுத்தார். தூக்கம் வரவில்லை. ஐயோ பாவம், வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். கண்ணை மூடினால் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. மாத்திரை சாப்பிட்டார், கசகசாப் பால் குடித்தார், அம்மன் கோயில் வேப்பிலையைத் தலையணைக்கடியில் வைத்தார். மூன்று மழைக்காலம் போயிற்று, மிதித்து மிதித்துக் கட்டிலின் கால்மாட்டுச் சட்டம் குழி விழுந்ததுதான் மிச்சம். அங்கே அயனம்பாக்கத்தில் எண்ணெய் காணாத கோடும் ஒரே கோடையில் வெங்காயச் சருகு நிறத்துக்கு வெளுத்தது. மனசு கேட்காமல் ஸ்ரீநாத் வண்டியை மதுரைவீரனிடம் கொண்டுபோய் விட, அவர் பழைய கோட்டின் மேலேயே புதுச் சிவப்பை அடித்தார். மீதிதான் மேலே சொன்னது.

மறுநாள் டீக்கடை டீக்கடையாக விசாரித்துக்கொண்டு மதுரைவீரன் வந்து சேர்ந்தார்.

"நைனா, நம்ம கோடு இங்க வந்துக்கீதாமே. எட்த்துகினு போறேன்."

"எட்த்துகினு போ ராசா," என்றாள் நாகப்பனின் மனைவி குப்பம்மா. "ஊடு பெருக்க முடியல. தொடப்பத்துல மாட்டிக்கிது."

பூச்சரம் சுற்றுவதுபோல அதைச் சுற்றி எடுத்துப்போய் ஒட்டி, மேலே இன்னொரு கை பெயின்ட் அடித்தார். திரும்பவும் வந்துவிட்டது. மூன்றாம் தடவை பிரைமர், வார்னிஷ் எல்லாம் போட்டுப் பார்த்தார். அந்தத் தடவை கோடு வழி பழகிப்போய், ஷேர் வேனின் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தது. மதுரைவீரன் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். "புதுச் சட்டை போட்டா ஆளு மாறிடுவானா சார்? கோடு வோணும்னா அந்தக் கெய்வனையும் சேத்து இட்டுகினு வா," என்று ஸ்ரீநாத்திடம் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் ஸ்ரீநாத் பழத்தோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"வண்டியத்தான் சார் வித்தேன், என்ன விக்கல. மிதிச்சு மிதிச்சு கால் செத்துப்போச்சு. கண்ண மூடி மூணு வருசம் ஆவுது. ஓட்றதுக்கு என்னான்ட ஒண்ணும் இல்ல சார், என்ன உட்டுடு."

"ஐயோ, நீங்க எதுக்குங்க ஓட்டோணும்? சும்மா உக்காந்து வாங்க. நானே ஓட்றனுங்க."

நாகப்பன் அவரை வெறித்துப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒருவரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த வண்டியின் இடப்பக்க சீட்டில் லோடுமேன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு தடவை மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் பெண்கூட உட்கார்ந்து போயிருக்கிறாள். அவர் உட்கார்ந்ததில்லை. "போய்க் குந்துய்யா, குந்தறதுக்கு இன்னா வலிக்குது," என்று குப்பம்மா அதட்டினாள்.

ஆயுத பூஜையன்று வண்டி மொட்டையாகச் சென்னீர்குப்பம் வந்தது. சந்தனம் வைத்தார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாகப்பன் வெளியே வந்தார், பின்னாலேயே கோடும் வந்தது. பழக்க தோஷத்தில் உள்ளங்கையை வண்டியின்மேல் இழுத்தார். கை போன வழியே கோடு ஏறிப் போய்த் தன் இடத்தில் படுத்தது. அவர் இடப்பக்கம் ஏறினார். ஸ்ரீநாத் கியர் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் எழுந்து ஓடின. முதல் வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது, நாகப்பனின் வலது கால் விசுக்கென்று நீண்டு பிரேக்கைத் தேடியது. அந்தப் பக்கத்தில் பிரேக் இல்லை. ஒரு சாக்குப்பைதான் கிடந்தது. கால் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு, சாக்கின்மேல் சாய்ந்தது. வேலப்பன்சாவடி வருவதற்குள் அவர் குறட்டை விட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் இது நடக்கிறது. மற்ற நாட்களில் வண்டி கோடில்லாமல் போகும், கோடு கட்டிலைச் சுற்றிக் கிடக்கும். குப்பம்மா அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பெருக்கிக்கொள்கிறாள். ஞாயிறு மத்தியானம் வண்டி சென்னீர்குப்பம் திரும்பியதும் ஸ்ரீநாத் வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹாரன் அடிக்காமல், இன்ஜினையும் அணைக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குப்பம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலில் நிற்பாள். நாகப்பன் தானாகக் கண் விழிக்கும்வரை கோடும் இறங்குவதில்லை.