கத்தி படாத மூக்கு

மாந்தானாவின் மூக்கில் கத்தி பட்டதேயில்லை. தெஹ்ரான் நகரத்தில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஒருத்தி அவளே. இன்னொருவர் அறுவை மருத்துவர். ஐந்து மாதங்களுக்கு முன் மூக்கைச் சிறிதாக்கச் சொல்லிப் போனவளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு வேலை இல்லம்மா" என்று சொல்லி, ஒரு மனநல மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீடு போகும்வரையாவது மூக்கை மறைக்கலாம் என்று கீழே மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்திரிச் சுருள் வாங்கி ஒட்டிக்கொண்டாள். கதவைத் திறந்த அம்மா மஹ்லகா கைதட்டிவிட்டாள்.

"அடி கள்ளி, சொல்லாமலே போய்ப் பண்ணிட்டு வந்துட்டியா! முபாரக்! கண்ணைச் சுத்தி நீலம்கூடப் பாயல பாரு. அந்த டாக்டர் கை தங்கக் கை!"

எஸ்ஃபந்த் விதையைத் தணலில் போட்டுத் திருஷ்டியும் கழித்தாள். அதற்குமேல் எப்படி உண்மையைச் சொல்வது? மூக்கை அறுத்துத் திருத்திக்கொள்வது சகஜமான அந்த ஊரில் பிளாஸ்திரி போட்ட மூக்கைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எந்த டாக்டர் என்றுதான் கேட்பார்கள்.

வாரம் ஒருமுறை குளியலறை விளக்கை அணைத்துவிட்டுப் பிளாஸ்திரியை மாற்றுவாள். கல்லுக்கடியில் கிடக்கும் புழுவைப்போல அந்தத் தோல் குளிர்ந்து ஊறிப்போயிருக்கும். ஒவ்வொரு முறையும் விரலுக்குச் சற்றே பெரிதாகத் தட்டுப்படும். "நாளுக்கு நாள் வீக்கம் வத்திக்கிட்டே வருதுடி" என்பாள் அம்மா, அதே மூக்கைப் பார்த்து.

பயம் முற்றிய பிறகுதான் அந்தச் சீட்டில் இருந்த மனநல மருத்துவர் ஆஃபாக்கிடம் போனாள். உண்மை தெரிந்த மூன்றாமவர் அவர். இரண்டு மாதமாகக் காலையில் மாத்திரை, புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரப் பேச்சு. ஆனாலும் எதையும் கேட்காமல் அறுத்துவிடும் வேறொரு மருத்துவமனையில் வரும் சனிக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டாள். இந்தப் புதன்கிழமை அதை ஒளிக்காமல் சொன்னாள்.

"போறதும் போகாததும் உங்க முடிவு," என்றார் ஆஃபாக். "ஆனா இல்லாத குறை கண்ணுக்குத் தெரியற இந்த நோய் இருக்கிறவங்க அறுத்துக்கிட்டாலும் பெரும்பாலும் நிம்மதி கிடைக்கிறதில்ல. கொஞ்ச நாள்ல கண்ணு அதே இடத்துக்குத் திரும்பிடும், இல்லன்னா வேற இடத்தைப் பிடிச்சுக்கும்."

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"இல்ல. உங்களுக்கு அப்படித்தான் தெரியுது, அந்த வேதனையும் நிஜம். ஒரு துண்டையே உத்துப் பார்த்துப் பார்த்து முகம் தொலைஞ்சு போச்சு. இன்னிக்கு மெட்ரோவுல நாலு ஸ்டேஷன் பிளாஸ்திரி இல்லாம போங்க. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது, மூக்கைத் தொடக் கூடாது, யார்கிட்டயும் எப்படியிருக்குன்னு கேட்கக் கூடாது. என்ன நடக்கும்னு இப்பவே எழுதி வைங்க."

'குறைந்தது இரண்டு பேராவது பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள்' என்று எழுதினாள்.

மீர்தாமாத் நிலையத்தில் பெண்கள் பெட்டியில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்திரியை உரித்தாள். காற்று பட்டதும் மூக்கு தன்னுடையதல்லாத ஏதோவொன்றாக முகத்தில் உட்கார்ந்திருந்தது. சுரங்க இருட்டில் எதிர்ச் சன்னல் கறுப்புக் கண்ணாடியாகிவிட, அதில் வரிசையாக முகங்கள் மிதந்தன. பார்க்கக் கூடாது என்று எண்ணியபடியே பார்த்துவிட்டாள். அவள் இருக்கைக்கு நேரே கண்ணில்லை, வாயில்லை. ஒரு மூக்கு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். ஹகானி. ஹெம்மத். கூவிக்கொண்டு வந்த வியாபாரிப் பெண் அவள் முன் நின்றாள்.

"மூக்குப் பிளாஸ்திரி, தோல் நிறத்துல! அட, இப்பத்தான் கழட்டினியா தங்கச்சி? முபாரக்! யாரு கைவண்ணம்?"

பக்கத்தில் இருந்தவள் தலை நிமிராமல், "பையைக் கொஞ்சம் நகர்த்தும்மா" என்றாள். முகம் சுளித்தவர்கள் யாருமில்லை. நான்காவது நிலையத்தில் மாந்தானா இறங்கினாள்.

பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டாமலே வீட்டுக்குப் போனாள். அம்மா தரையில் துணி விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என் உசுரே! கழட்டியாச்சா! வா வா, வெளிச்சத்துக்கு வா. அடேயப்பா, பொம்மை மூக்கால்ல இருக்கு!"

'நிஜமாவா?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"அம்மா, யாரும் அறுக்கல. அந்த டாக்டர் முடியாதுன்னுட்டாரு. நானாத்தான் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டேன்."

அம்மா சிரித்தாள். "போடி, என்னையே ஏமாத்தப் பார்க்கிறியா?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியில் போன புத்தாண்டுப் படத்தை எடுத்து மகளின் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். "இங்க ஒரு மேடு இருந்துச்சு, இப்ப இல்ல. நுனி தூக்கியிருக்கு."

"அறுக்கலம்மா. சத்தியமா."

"பெத்தவளுக்குத் தெரியாதா?" அம்மாவின் விரல் மூக்கின் ஓரமாக மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. "இதோ, தையல் தழும்பு. மயிரிழை மாதிரி. கையில தட்டுப்படுதே."

மாந்தானா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா கேலி பேசவில்லை. அந்தக் கண்கள் இல்லாத தழும்பின்மேல் நிலைகுத்தி, அதை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு நோயில்லை, தூரத்துப் பேருந்து எண்ணைக்கூடப் படித்துவிடுவாள். நல்ல கண்ணுக்கே, ஆசை இருந்தால் போதும், இல்லாத தழும்பு தெரியும், விரலிலும் தட்டுப்படும். அப்படியானால் இருட்டில் என் விரலுக்கு வளர்ந்துகொண்டே வந்தது என்ன? சன்னலில் ஆடியது என்ன?

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு, வெறும் வயித்தோட வரணும்," என்றது பெண் குரல்.

"வரல."

"வேற தேதி போடவா?"

மூக்கு கனத்தது. இந்த நொடியிலும் அது பெரிதாகத்தான் இருந்தது, அவளால் சத்தியம் செய்ய முடியும். தொடப் போன கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேண்டாம். என் பேரை எடுத்துடுங்க."

கதவுக்கு வெளியே அம்மா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் தழும்பு தெரியுது."