கப்பியில் சிக்கிய கதம்பம்

படகின் வலதுபக்க உடல் தண்ணீரை விட்டு எழும்பியபோது ஸ்ரீரங்கனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரட்டை உடல் படகு ஒற்றைக் காலில் ஓடினால்தான் பந்தயம் என்று பாய்மரப் படகு கிளப்பில் அரைமணி நேரம் உரையாற்றியவர் அவர். உலகத்துக்குக் கட்டுமரம் தந்தவன் தமிழன் என்று தொடங்கி, விசைகளின் இணைகரத்தில் முடித்தார். ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியருக்குக் குறுக்கே யார் பேசுவது? அதே வேகத்தில் பந்தய விண்ணப்பத்தில், நீச்சல் நன்றாகத் தெரியும் என்றும் எழுதிவிட்டார். மயிலாப்பூர் வீட்டு வாளித் தண்ணீரைத் தாண்டி அவருக்குப் பழக்கமில்லை.

உடல் இன்னும் எழுந்தது. இடதுபுறம் பட்டினப்பாக்கம் கரை சாய்ந்தது.

"கயித்த உடு சார்!"

கத்தியவன் நதீம். சிந்தாதிரிப்பேட்டைக்காரன், கிளப் படகுகளுக்கெல்லாம் கயிறும் கம்பியும் கட்டுகிறவன். பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்பை மாட்டிக்கொண்டு, எழும்பிய விளிம்பில் கால் ஊன்றி, வெளியே மல்லாந்து எடை கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரீரங்கன் கையில் இருந்தது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. தளர்ந்தால் பாய் காற்றைக் கொட்டிவிடும், படகு அடங்கும். இதையும் உரையில் சொல்லியிருந்தார். விட்டார். கயிறு கையைவிட்டுப் போனது. கப்பியைவிட்டு ஒரு சாண்கூட ஓடவில்லை.

"விட்டுட்டேன்ப்பா! நகர மாட்டேங்கறது!"

"அப்ப சுக்கான காத்துப் பக்கம் திருப்பு!"

காற்று எந்தப் பக்கம் என்பது பேராசிரியருக்கு மறந்துபோயிருந்தது. கப்பியைப் பார்த்தார். நேற்று ஆயுத பூஜை. காருக்கும் கிரைண்டருக்கும் வைத்தது போதாதென்று, கரைக்கு வந்து ஒவ்வொரு கப்பிக்கும் சந்தனம், குங்குமம், முழக் கதம்பம் சார்த்திப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். பூ உதிர்ந்துவிட்டது. நார் மட்டும் சக்கரத்தின் இடுக்கில் புகுந்து, கயிற்றோடு முறுக்கிக்கொண்டு கிடந்தது. நோண்டினார். நகம்தான் பிய்ந்தது.

"நதீம்... எனக்கு நீச்சல் தெரியாதுப்பா."

"இன்னாது? கரைல லெக்சர் அடிச்சியே, அப்ப சொல்றதுக்கு இன்னா?"

"நீ உள்ளே வாயேன்!"

"நான் வந்தா வெயிட்டு போயி கவுந்துரும் சார். இந்தா கத்தி. நீயே அறு!"

"காலடிப் பட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டிருக்கேன். விட்டா விழுந்துடுவேன்!"

"பட்டைய உடலேன்னா ரெண்டு பேரும் உழுவோம்!"

கீழே, இடதுபக்க உடலின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் அங்கே பச்சையாக இல்லை, கறுப்பாக இருந்தது. கபாலீஸ்வரா என்று கூப்பிடக்கூட நாக்கு எழவில்லை. பட்டையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கத்தியை வாங்கினார். விறைத்து நின்ற கயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அறுத்தார். இணைகரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வெடித்தது போலொரு சத்தம். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. தூக்கிய உடல் தண்ணீரில் அறைந்து விழுந்தது.

மூன்று படகுகள் அவர்களைக் கடந்து போயின. நதீம் கொக்கியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, அவர் எதிரில் குந்தினான்.

"முடிஞ்சிச்சி சார். கத்தியக் குடு."

"குடுக்கணும்னுதான் பாக்கறேன்," என்றார் ஸ்ரீரங்கன், கத்தியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்து. "கை என் பேச்சைக் கேக்கலை."