தாழ்ந்த ஜீப்பு

ஜீப்புக்குச் சின்னச் சக்கரம் மாட்டும் யோசனை வாசுபூஜ்யனின் சொந்த யோசனைதான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. அவன் மனைவி விஜயா தொடக்கத்திலேயே சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு முக்காலியை எடுத்துப் போட்டா அத்தை ஏறிடப் போறாங்க. அதுக்குப் போயி வண்டியையே குள்ளமாக்கணுமா?"

முக்காலி போடுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப் அது. யார் யார் கையிலோ அடிபட்டு அறுபத்திரண்டில் அவனிடம் வந்து சேர்ந்தது. ஒரு வருஷமாகக் கடலைக் காட்டுக்கும் செஞ்சிச் சந்தைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். அதைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவன் நினைப்பு. ஒரு வருஷம் வண்டி ஓட்டியவர்களுக்கு வரும் சாதாரண வியாதிதான்.

அவன் அம்மா லீலாவதிக்கு முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனாலும் ஆவணி விரதத்தை விடவில்லை. இரண்டு நாளாகச் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் இல்லை. விரதம் முடியும் நாளில், செஞ்சி மலையடித் தோப்பில் அவள் மாமனார் எழுப்பிய ஜினாலயம் என்ற சிறிய சமணக் கோயிலுக்குப் போய்ச் சுவாமியைப் பார்த்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும். அதுவும் பொழுது இருக்கும்போதே குடித்தாக வேண்டும். சூரியன் மறைந்துவிட்டால் மறுநாள் விடிகிற வரைக்கும் ஒரு சொட்டும் கிடையாது. போன வருஷம்வரை நடந்தே போனாள். மாட்டு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நான் புண்ணியம் தேடிக்க மாடு எதுக்குடா முதுகு நோவ இழுக்கணும்?" என்பாள்.

அதனால் இந்த வருஷம் ஜீப்தான். ஒத்திகை பார்த்தபோது அவளால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. சின்னச் சக்கரம் மாட்டினால் என்ன என்று வாசுபூஜ்யன் கேட்டதும் செஞ்சி மெக்கானிக் பாண்டுரங்கன், பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய நாலு சக்கரம் தன்னிடம் இருப்பதாகவும், மாட்டினால் வண்டி அரை சாண் இறங்கிவிடும் என்றும் சொன்னான். வாசுபூஜ்யனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாக்குக் கொடுத்த பாண்டுரங்கன் விரதம் முடிகிற அன்று காலையில்தான் சக்கரங்களோடு வந்து இறங்கினான். போல்ட் ஓட்டைகள் சரியாக இருந்தன. நடு ஓட்டை மட்டும் சிறியது, அச்சு முனை அதில் நுழையவில்லை.

"இது இன்னா பிரமாதம் நைனாரே. அரத்தால நாலு இழுப்பு இழுத்தா போதும்" என்று உட்கார்ந்தான். அந்தப் பக்கத்தில் சமணர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாலு இழுப்பு நானூறு இழுப்பானது. வாசுபூஜ்யன் வெளியில் அரம் இழுக்கிறவனையும் உள்ளே அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது விஜயா வெளியே வந்தாள்.

"பழைய சக்கரத்தையே போட்டு ஓட்டுங்க. நானும் நீங்களும் தூக்கி உக்கார வச்சிடலாம்."

"மூணு முடிஞ்சிடுச்சி விஜயா. இன்னும் ஒண்ணுதான்."

அந்த ஒன்றுதான் படுத்திவிட்டது. கடைசி நட்டை முறுக்கியபோது வேப்பமரத்து நிழல் கிழக்கே நீண்டிருந்தது. ஆனால் அம்மா ஒரே அடியில் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தபோது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. விஜயா காய்ச்சி வடிகட்டிய தண்ணீரைக் கூஜாவில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பெருமை ஊர் எல்லைவரை நீடித்தது.

எல்லையைத் தாண்டினால் தார் ரோடு வரைக்கும் வண்டிப் பாதை. கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் விழுந்து, நடுவில் மண் மேடிட்டிருக்கும். நேற்று பெய்த மழையில் பள்ளம் சேறாகக் கிடந்தது. பெரிய சக்கரம் இருந்தவரை ஜீப் அந்த மேட்டின்மேல் உரசாமல் போய்விடும். இப்போது அடியில் நறநறவென்று சத்தம் வந்தது. பின் அச்சின் நடுவில் தொங்கும் இரும்புக் குண்டு மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாலு சக்கரத்துக்கும் கியர் போட்டான். நாலும் சேற்றை வாரி இறைத்தன. வண்டி அசையவில்லை.

மேற்கே பார்த்தான். சூரியன் செஞ்சியின் ராஜகிரி மலைக்கு மேலே தொங்கியது. அம்மா இன்னொரு ராத்திரி தாங்குவாளா? தாங்கமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

எதிரே தனகோட்டி வெற்று வண்டியோடு வந்தான். பக்கத்து நிலத்துக்காரன், நல்லவன். கேட்காமலே நுகத்திலிருந்து மாட்டை அவிழ்த்தான்.

"கயிறு கட்டிடலாம் நைனாரே. ஒரே இழுப்புல வந்துடும்."

"வேணாம்ப்பா தனகோட்டி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் ஈரமே இல்லை. "மாட்டை ஓரமா கட்டிட்டு நீ வேணா தள்ளு."

"அம்மா, பொழுது போவுது" என்றான் வாசுபூஜ்யன்.

"போனா போவட்டும்."

அவனுக்கு அம்மாமேல் கோபம் வந்தது. கோபம் வந்ததற்காக உடனே தன்மேலும் வந்தது. தனகோட்டியின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து மேட்டை வெட்டினான். லீலாவதி இறங்கி வரப்பில் உட்கார்ந்து, "மண்ணுல புழு பூச்சி இருக்கும், பாத்து வெட்டுடா" என்றாள். வெட்டுகிற ஒவ்வொரு மண்கட்டியையும் விஜயா கையால் விலக்கிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கடைசியில் தனகோட்டியும் விஜயாவும் பின்னாலிருந்து தள்ள, ஜீப் உறுமிக்கொண்டு வெளியே வந்தது.

தார் ரோட்டில் அவன் ஓட்டிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வேகமுள் நாற்பதைக் காட்டியது. ஆனால் ஓரத்து மரங்கள் முப்பதில் போவதுபோலத்தான் பின்னால் போயின. சின்னச் சக்கரம் கூடுதலாகச் சுற்றி முள்ளை ஏமாற்றுகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்போது உறைத்து என்ன பயன்?

தோப்பில் வண்டி நின்றபோது மரங்களின் உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனான். அவள் கும்பிட்டாள், மெல்லச் சுற்றி வந்தாள். அவசரப்படு என்று சுவாமி முன்னால் எப்படிச் சொல்வது? வெளியே வந்தபோது தோப்பு முழுக்க நிழல் விழுந்துவிட்டது. மலைக்குப் பின்னால் வானம் சிவந்திருந்தது. சூரியனைக் காணோம்.

விஜயா கூஜாவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். லீலாவதி மேற்கே பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள்.

"மறைஞ்சிடுச்சிம்மா. மூடி வை. காலைல பாத்துக்கலாம்."

"மலை மறைக்குதும்மா. இன்னும் பொழுது விழல" என்றான் அவன்.

"என் கண்ணுக்குத் தெரியலியே. தெரியாத சூரியனுக்கு நான் இன்னா சாட்சி சொல்றது?"

சொல்லிவிட்டு அடிமரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் கால் தள்ளாடுவதைப் பார்த்ததும் வாசுபூஜ்யனுக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழக்குப் பக்கம் நின்றான். அங்கே, தோப்புக்கு அப்பால், வெகுதூரத்தில் பனைமரங்களின்மேல் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏறும்மா" என்றான்.

"எங்கடா?"

"ஏறும்மா, சொல்றேன்."

அவள் ஏறினாள். அவன் ஜீப்பைத் திருப்பித் திண்டிவனம் ரோட்டில் கிழக்கே விரட்டினான். மலையின் நிழல் ரோட்டில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, அவன் அதைத் துரத்தினான். முள் எதைக் காட்டினால் என்ன என்று அதைப் பார்க்கவே இல்லை. வயலில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் ஒதுங்கி நின்று, நைனாருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்த்தார்கள். ஏரிக்கரையில் ஏறியபோது கண்ணாடியில் பளீரென்று வெளிச்சம் தெறித்தது. வண்டியை நிறுத்தினான்.

"திரும்பிப் பாரும்மா."

ராஜகிரியின் தோளுக்கு மேலே சூரியன் ஒரு விரல்கடை நின்றுகொண்டிருந்தது. லீலாவதி முகத்தில் வெயில் விழ அதைப் பார்த்தாள். கண்ணை இடுக்கி, சரிதானா என்று நன்றாகவே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். விஜயா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. உடனே டம்ளரைக் கீழே இறக்கிவிட்டு மகனைப் பார்த்தாள்.

"நீ காலைலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. பாத்துக்கினுதான் இருக்கேன். இந்தா, குடி."

"எனக்கு இன்னா இப்போ, நான் வீட்ல போயி குடிச்சிக்கிறேன். நீ குடிம்மா. பொழுது போவுதும்மா."

"அதான் சொல்றேன், போவுது. நீ குடிச்சாதான் நான் குடிப்பேன்."

அவன் வாதாடவில்லை, அதற்கு நேரம் இல்லை. டம்ளரை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். தனக்கு இவ்வளவு தாகம் இருந்தது அந்த முதல் மடக்கில்தான் அவனுக்குத் தெரிந்தது. விஜயா மறுபடி ஊற்றினாள். அம்மா சூரியனைப் பார்த்தபடியே அதைக் குடித்தாள், அது மறைவதற்குள் இன்னொரு டம்ளரும் குடித்தாள்.