ஃபிரிட்ஜ் இல்லாத வீடு

என் குடலில் இருந்த கட்டியை அறுத்தெடுத்தாயிற்று. மிச்சம் எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதையும் அழிக்க, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள் மதுரை ஆஸ்பத்திரியில். முதல் ஊசி முடிந்து கிளம்பும்போது டாக்டர், "ஃபிரிட்ஜ் தண்ணி, ஐஸ்கிரீம் எல்லாம் கூடாதும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுல ஃபிரிட்ஜே கெடையாதுங்க" என்றேன். அவரும் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மதுரையிலிருந்து எங்கள் கிளாவரைக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க வேண்டும். கொடைக்கானலில் பஸ் மாறி, அதற்கப்புறமும் மலை மலையாகச் சுற்ற வேண்டும். இரண்டு இடத்தில் வாந்தி எடுத்தேன். இறங்கும்போது நாக்கு வறண்டு கிடந்தது. ஊற்றுத் தண்ணீர் வரும் பைப்பில் கையை ஏந்தினேன். விரல்கள் சுரீர் என்றன. அதைப் பார்த்தால் தாகம் அடங்குமா? குடித்தேன். இரண்டாவது வாய் உள்ளே இறங்கியதும் தொண்டை இறுகிக்கொண்டது. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகிற மாதிரியே தெரியவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. செத்தேன் என்றே நினைத்தேன்.

"ஏ கருப்பம்மா! ஏத்தா, இங்க பாரு!" என்று என் வீட்டுக்காரர் திருமலைச்சாமி கத்தியது மட்டும் கேட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் தொண்டை தானாக விட்டது. எதனால் வந்தது, எதனால் போனது, எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

மறுநாள் வெள்ளனே பூண்டுக்காட்டுக்குப் போகலாம் என்று வாசலில் கிடந்த மம்பட்டியை எடுத்தேன். கரண்டில் கை வைத்த மாதிரி உதறிப்போட்டேன். விரல்கள் மடங்கி அப்படியே நின்றன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "போதும். வியாதியில சாகுறதுக்கு முன்னாடி மருந்துல சாகணுமா? இனி மதுரைப் பக்கமே போவ வேண்டாம்."

ஊரிலும் ஆளாளுக்கு அதையேதான் சொன்னார்கள். ஊசி போட்டவர்கள் யாரும் பிழைத்ததில்லையாம். எத்தனை பேரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களோ! எனக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு வாழ ஆசையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. சோறு இரும்பைச் சப்பிய மாதிரி இருந்தது.

அடுத்த ஊசி நாள் வந்தபோது ஒரு தந்திரம் செய்தேன். "வரமாட்டோம்னு சொல்லிட்டாவது வருவோங்க. பாவம், எனக்குன்னு பெட்டு ஒதுக்கி வச்சிருப்பாங்க." மனுஷர் நம்பிக்கொண்டு கூட வந்தார்.

அன்று சத்தியபிரியா என்ற நர்ஸ் இருந்தாள். தொண்டை அடைத்ததைச் சொன்னேன்.

"ஐஸ் தண்ணி குடிச்சீங்களாம்மா?"

"எத்தனை தடவைதான் சொல்றது தாயி? எங்க வீட்டுல ஃபிரிட்ஜே இல்ல. பைப்புத் தண்ணிதான் குடிச்சேன்."

"பைப்புத் தண்ணி எப்படி இருக்கும்?"

"பல்லு கூசும். இப்ப பனிக்காலம்ல."

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எந்த ஊரு?"

"கொடைக்கானலுக்கும் மேல, கிளாவரை."

தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அம்மா! உங்க ஊரே ஃபிரிட்ஜுதானே!"

பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். இந்த மருந்து நரம்பைத் தொடுமாம். ஏற்றின பிறகு சில நாளைக்குக் குளிர்ந்தது எதையும் தாங்காதாம், தண்ணி, இரும்பு, வாடைக்காற்று எல்லாமே. "மூச்சு நிஜமா அடைக்காதும்மா, நரம்பு அப்படி நினைக்க வைக்கும். பயப்படாம வெதுவெதுன்னு தண்ணி குடிங்க. கைக்கு கிளவுஸ், வாய்க்கு மப்ளர். ஆனா மருந்து ஏறும்போதே மூச்சு முட்டினாலோ, உடம்பு தடிச்சாலோ உடனே கூப்பிடணும். காய்ச்சல் வந்தா காத்திருக்கக் கூடாது, வெரசா பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. அப்புறம், விரல் மரத்தே கெடந்து ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியலைன்னா மறைக்காம சொல்லுங்க. மருந்தைக் குறைக்கணுமான்னு டாக்டர் பார்ப்பாங்க."

இதைப் போன தடவையே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபம் வந்தது. கூடவே அழுகை மாதிரி ஒரு நிம்மதியும் வந்தது.

வீட்டுக்காரர் மட்டும் இறங்கி வரவில்லை. "இவங்க இப்படித்தான் சொல்லுவாங்க. நீ கண்ணு சொருகி நின்னதை நான்ல பார்த்தேன்" என்றார். நான் கையை நீட்டிவிட்டேன். "ஏத்து தாயி." அவர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். மருந்து இறங்கி முடியும் வரை உள்ளே வரவே இல்லை.

திரும்பும்போது கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மப்ளரும் கிளவுஸும் வாங்கிக்கொண்டேன். பஸ் ஏறியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "மூணாவது ஊசிக்கு நான் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றார். அவர் வராமல் என்னால் அந்த மலையை இறங்கி ஏற முடியாது. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். அவரை வாசலுக்குக் கூப்பிட்டேன். மம்பட்டி வெளியிலேயே கிடந்தது, மேலே பனி பூத்திருந்தது. கிளவுஸைக் கழற்றினேன்.

"ஏய், என்ன சோலி பாக்குற நீ? வேணாம்!"

இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வலியில் உயிர் போனது. விரல்கள் மடங்கிப் பூட்டிக்கொண்டன. அவர் கத்திக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தார். "இப்ப பாருங்க" என்று உள்ளே போய் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சுண்டுவிரல் முதலில் திறந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் திறந்தன.

"சாகல. குளிருதான். வேற ஒண்ணுமில்ல" என்றேன். அதற்கு மேல் பேசத் தெம்பில்லாமல் போய்ப் படுத்துவிட்டேன். அன்று முழுக்க அவர் வெளியே எதையோ தட்டிக்கொண்டும் கட்டிக்கொண்டும் இருந்தார். அவர் மனசு மாறாது என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் எழுந்து, தூக்கக் கலக்கத்தில் கிளவுஸ் போடாமலேயே கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். தொட்ட பிறகுதான் அது இரும்பு என்று ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் செய்யவில்லை. குனிந்து பார்த்தேன். அவருடைய பழைய மப்ளரைக் கிழித்து, தாழ்ப்பாளைச் சுற்றிக் கட்டியிருந்தது. வாளியின் பிடியிலும் துணி. வெளியே பைப்புத் திருகிலும் துணி.

அடுப்படியில் அவர் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைத் துண்டால் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"அடுத்த ஊசி என்னைக்கு?" என்று கேட்டார், அடுப்பைப் பார்த்தபடியே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெந்நீரைக் குடித்துவிட்டுத் தேதியைச் சொன்னேன்.