கயிற்றின் இரு முனைகள்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவரும் ஒரே பள்ளியில் இயற்பியல் டீச்சர்களாகவும் அமைந்தது மூத்தவளுக்குப் பிடிக்கவே இல்லை. இளையவள் வந்து சேரும்வரை அங்கே இயற்பியல் என்றால் அவள்தான். இப்போதோ மாடிப்படியில் எதிர்ப்படும் பிள்ளைகள், “சின்ன டீச்சர் எங்க இருக்காங்க?” என்று அவளிடமே கேட்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் அவள் மகள் வாளித் தண்ணீரில் பாட்டில் மூடி ஒன்றை மிதக்கவிட்டு, ஓரத்தில் விரலால் தட்டினாள்.

“பாரும்மா, அலைதான் ஓடுது. மூடி நின்ன இடத்துலயே ஏறி இறங்குது. சித்தி சொன்னாங்க.”

“இதையேதானேடி போன வாரம் நானும் சொன்னேன்?”

“நீ சொன்னப்ப புரியலையேம்மா.”

பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் மகள் படிக்கும் வகுப்பில் இளையவள் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இளையவள் ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி உதறினாள்.

“வேகமா ஆட்டினா, அலையும் வேகமாப் போய்ச் சேரும்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

“தப்பு!” மூத்தவள் எழுந்தே விட்டாள். “வேகமா ஆட்டினா அலைங்க நெருக்கமா வரும், அவ்வளவுதான். சீக்கிரம் போகணும்னா கயித்தை இழுத்துப் பிடிக்கணும்.”

இளையவளின் முகம் சுண்டிப்போனது. பிறகு அவள் கயிற்றை அவிழ்த்து ஒரு முனையை நீட்டினாள்.

“அக்கா, இதைப் பிடிங்க. செஞ்சே பாத்துடலாம்.”

மெல்ல உதறினாலும் வெடுக்கென்று உதறினாலும் அலை ஒரே வேகத்தில்தான் போனது. விறைப்பாக இழுத்துப் பிடித்ததும் பறந்தது.

“பிள்ளைங்களா, நான் சொன்னது தப்பு. அக்கா சொன்னதுதான் சரி,” என்றாள் இளையவள், சிரித்தபடி.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லார் கண்ணும் இளையவள் மேல். முன்வரிசையில் மகளும் சித்தியைப் பார்த்தே தட்டிக்கொண்டிருந்தாள். தப்பை ஒத்துக்கொள்வதில்கூட இவள் முந்திக்கொண்டாளே என்று மூத்தவளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

வெளியே வரும்போது இளையவள் தணிந்த குரலில் கேட்டாள்: “அக்கா, நாளைக்கு ஒலி நடத்தணும். எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்கு. வந்து உக்காருவீங்களா?”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்று வெடுக்கென்று சொன்னாள் மூத்தவள். நாலடி நடந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“எத்தனாவது பீரியட்?”